விண்டோஸ் மட்டும் என்றார்கள்

செப்டம்பர் 8, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. கார்டன் ரீச்சில் முழங்கால் தண்ணீர். குவார்ட்டர்ஸ் வாசலில் இருந்து பஸ் வரை செருப்பு கையில். எஸ்பிளனேடில் பஸ் மாறி சால்ட் லேக் ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது புடவையின் கீழ்ப்பாதி வேறு நிறம்.

போனதுமே மீட்டிங். தீபாங்கர்-தா ஒரு புத்தம் புதுப் பெட்டியைத் தூக்கிக் காட்டினார். (இங்கே அண்ணனுக்குத் தா, அக்காவுக்குத் தீதி. இனி இவரைத் தீ. என்றே எழுதுகிறேன். மேனேஜர் பெயரை முழுதாக எழுதிக் கை வலிப்பானேன்.) ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் காட்டுகிற நர்ஸ் மாதிரி ஒரு பூரிப்பு. இனி நம் புரோகிராம் எல்லாம் இந்தக் கருவிக்குள்தானாம். யார் எந்த வரியை மாற்றினார்கள், எப்போது மாற்றினார்கள், பழைய வரி எது, எல்லாவற்றையும் இது பார்த்துக்கொள்ளுமாம்.

இதுவரை யாருமே பார்த்துக்கொள்ளாத மாதிரி! என் மேஜைக்கு அடியில் ஒரு பழைய லினக்ஸ் மெஷின், யுனிக்ஸின் தம்பி, மூன்று வருடமாக அதே வேலையைத்தான் செய்கிறது. சிவிஎஸ். இலவசம், அதனால் மரியாதை இல்லை. விண்டோஸ் பையன்கள், மாக் வைத்திருக்கும் தபன்-தா, யுனிக்ஸ்காரி நான், எல்லோரும் அதில்தான் போட்டு எடுக்கிறோம். ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை.

தபன்-தா கையைத் தூக்கினார். "மாக்குக்கு என்ன?"

"மூலையில ஒரு விண்டோஸ் மெஷின் வைக்கிறேன். அதுல போய்ப் போடுங்க."

நான்: "யுனிக்ஸ்?"

"இந்தக் கருவி யுனிக்ஸ்ல ஓடாது. அதனால யுனிக்ஸ் போகுது. பத்தொன்பதாம் தேதி மெஷின் பாக்கிற ரத்தன் வந்து உங்க மேஜை மேல, கீழ இருக்கிற ரெண்டையும் அழிச்சு விண்டோஸ் போட்டுருவான்."

இவ்வளவும் வங்காள மொழியில், சிரித்த முகத்துடன். பத்திரிகைகளுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் மென்பொருள் எங்களுடையது. எழுதுகிறவர்களிடம் விண்டோஸ், பக்கம் அடுக்குகிறவர்களிடம் மாக், அச்சகத்தில் ராப்பகலாக ஓடும் சர்வர் யுனிக்ஸ். அந்த சர்வர் பகுதி முழுக்க நான் எழுதியது. அதையும் பொய்லா பொய்ஷாக்குக்குள், இவர்கள் வருஷப் பிறப்புக்குள், விண்டோஸுக்கு மாற்றிவிடலாமாம். எனக்கு? டெஸ்டிங்.

கருவிக்கு யுனிக்ஸ் தெரியாது. அது கருவியின் குறை. அதற்கு நான் ஏன் போக வேண்டும்? மீட்டிங்கில் கேட்கவில்லை. பஸ்ஸில்தான் இந்த வாக்கியம் வந்தது. எனக்கு எப்போதும் பஸ்ஸில்தான் வரும்.

வாங்க வேண்டியது: நல்லெண்ணெய், மகள் கயலுக்கு வெள்ளை ரிப்பன், கொசுவத்தி.

செப்டம்பர் 9, செவ்வாய்

மழை விட்டுவிட்டு. மூலை மெஷினுக்கு முன் கியூ. ரேஷன் கடை தோற்றது.

தபன்-தா தன் ஃபைலை சிடியில் எழுதி, மூலைக்குக் கொண்டுபோய்க் கருவிக்குள் போட்டு, சாயங்காலம் திரும்ப எடுத்தார். மாக்கில் திறந்தால் வரிக்கு வரி நடுவில் ஒரு வெற்று வரி. ஃபைல் இரண்டு மடங்கு நீளம். "ஏ கீ, என்னது இது!" என்று எழுந்தே விட்டார். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், கண்ணில் தண்ணீர் வராத குறை.

வரி முடிந்தது என்பதற்கு ஒவ்வொரு சிஸ்டமும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி வைத்திருக்கிறது. விண்டோஸுக்கு ஒன்று, யுனிக்ஸுக்கு ஒன்று, பழைய மாக்குக்கு ஒன்று. சிவிஎஸ் அந்தந்த மெஷினுக்குத் தகுந்தபடி மாற்றிக் கொடுத்துவிடும். புதுசுக்கு உலகத்தில் விண்டோஸைத் தவிர வேறு ஜீவராசியே கிடையாது.

எனக்கும் அதே கதி. அங்கே போய்த் திரும்பி வந்த இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் யுனிக்ஸில் முதல் வரியிலேயே படுத்துவிட்டது. ஒவ்வொரு வரியின் வாலிலும் ஒரு வேண்டாத எழுத்து. தீ. எட்டிப் பார்த்துவிட்டு, "தேக்கோ, பாருங்க, யுனிக்ஸ்னாலே பிரச்சனைதான்" என்றார்.

காலை மிதித்தவன் நிற்கிறான், கத்தினவள் மேல் குற்றம். பல்லைக் கடித்துக்கொண்டு வாலை எல்லாம் வெட்டினேன்.

செப்டம்பர் 11, வியாழன்

வெயில், புழுக்கம். கரண்ட் இல்லை. மெழுகுவத்தியில் எழுதுகிறேன். தோசை மாவு புளித்துவிட்டது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். கார்டன் ரீச் ரயில்வே ஹெட் ஆபீஸில் சரக்குப் பிரிவு அவருக்கு, அதற்கு முன் சாந்த்ராகாச்சி யார்டில் இருந்தார். எதைச் சொன்னாலும் வேகனில் ஏற்றித்தான் புரிந்துகொள்வார்.

"ஏட்டி, அவன் மேனேஜரு. சரின்னு தலைய ஆட்டிட்டுப் போயேன். தலை என்ன தேஞ்சா போவும்?"

"தேயும்."

"கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர்தானட்டி. இதுல என்ன இருக்கு?"

மூலை மெஷின் கதையைச் சொன்னேன். தபன்-தாவின் வெற்று வரிகளைச் சொன்னேன். விசிறியைக் கீழே வைத்தார்.

"திருநவேலில மீட்டர் கேஜ் சரக்க பிராட் கேஜுக்கு மாத்துவானுவ. மூட்டைய எறக்கி ஏத்துறதுக்குள்ள பாதி சிந்திரும். ஒங்க மூலைல நடக்கதும் அதாம்லா?"

"அதான்."

"அப்பம் ஒங்கிட்ட இருக்கது?"

"எந்த கேஜ் வண்டியும் நேரா வந்து நிக்கும்."

"பொறவு ஏன் அத அழிக்கான்?"

அதைத்தான் நானும் கேட்கிறேன். இந்த மனிதருக்குப் புரிந்தது, கருவியைக் காசு கொடுத்து வாங்கினவருக்குப் புரியவில்லை. விட மாட்டேன். ஒரு கை பார்த்துவிடுகிறேன்.

கயல் நடுவில் வந்து, "மா, கரண்ட் கபே ஆஷ்பே?" தமிழில் கேள் என்றேன். "கரண்ட் எப்போ ஆஷ்பே?" சரி, பாதி ஜெயம்.

செப்டம்பர் 12, வெள்ளி

புதுக் கருவியின் இன்னொரு லட்சணம். ஒரு ஃபைலை ஒருவர் எடுத்தால் அது அவர் பெயரில் பூட்டிக்கொள்ளும். அவர் திருப்பி வைக்கிற வரை மற்றவர்கள் தொட முடியாது. சிவிஎஸ்ஸில் எத்தனை பேரும் எடுக்கலாம், கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம், மோதினால் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

எங்கள் பையன்களிடம் பூட்டைக் கொடுத்தால்? லோக்கல் ரயிலில் ஜன்னல் வழியே சீட்டில் கைக்குட்டை போட்டு வளர்ந்த கூட்டம். ஆளாளுக்குக் கையில் கிடைத்ததை எல்லாம் பூட்டி வைத்துக்கொண்டார்கள். வேலை செய்ய இல்லை. நாளைக்குத் தேவைப்படுமாம்.

படங்களைக் கையாளும் புரோகிராம் ஃபைல் விண்டோஸ் பக்கம் எழுதும் ஷுபோவிடம். போனேன். சின்னப் பையன் ஒன்றும் இல்லை, போன மாதம் கல்யாணம் ஆனவன்.

"பட ஃபைலை விடு ஷுபோ, எனக்கு வேணும்."

"தீதி, விட்டா வேற யாராவது எடுத்துருவாங்க."

"நீ இப்ப அதுல வேலை செய்யிறியா?"

"இல்ல. பூஜைக்கு அப்புறம்."

"எந்த பூஜை?"

"துர்கா பூஜை, தீதி." அது அடுத்த மாதம். முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை.

தீ.யிடம் சொன்னேன். "எல்லாருக்கும் பொறுப்பு வந்திருக்கு, பாருங்க" என்றார். ஐயோ.

செப்டம்பர் 15, திங்கள்

மேகம். நாளை மறுநாள் விஸ்வகர்மா பூஜை. ஆபீஸில் யாருக்கும் வேலையில் மனசில்லை. கார்டன் ரீச்சில் கப்பல் பட்டறைப் பக்கம் பந்தல், மைக். தெருவெல்லாம் மாஞ்சா காய்கிறது. கயலுக்குக் காத்தாடி வேண்டுமாம், சிவப்பு வெள்ளை.

தீ.யிடம் இரண்டாம் முறை பேசினேன், தனியாக. கேட்டது ஒன்றே ஒன்று: புதுக் கருவிக்குள் இன்றைய பிரதியை மட்டும்தானே போட்டீர்கள், மூன்று வருடத்துப் பழைய பிரதிகள் என்னாவது?

"சிடியில எழுதி அல்மாரியில வைங்க."

"சிடி பதில் சொல்லாது தீபாங்கர்-தா. எந்த அச்சகத்துக்கு எதை அனுப்பினோம்னு மெஷினைத்தான் கேட்க முடியும்."

"பழசை யார் கேட்கப் போறாங்க? முன்னாடி பாருங்க."

முன்னாடி பார்த்தேன். அவர்தான் இருந்தார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

சாயங்காலம் எல்லா மெஷினையும் அணைத்தார்கள். விஸ்வகர்மா பூஜையன்று கருவியைத் தொடக்கூடாது. பட்டறையில் சுத்தியல், ரயிலில் ஸ்பேனர், எங்கள் ஆபீஸில் கீபோர்டு. ரத்தன் துணியால் துடைத்து ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். புதுக் கருவி ஓடும் சர்வருக்கு முழ நீளச் சாமந்தி மாலை.

என் மேஜைக்கு வந்தான், குனிந்து பார்த்தான், நிமிர்ந்தான். "தீதி, இதுதான் வெள்ளிக்கிழமை போகுதே. இதுக்கு எதுக்குச் சந்தனம்?" சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டான்.

அழுகை வந்தது. மெஷினுக்காக அழுகிறவள் என்று ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். பூஜையில் சேர்க்காததை அணைப்பானேன்? ஓடட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 17, புதன். வி. பூஜை

நல்ல வெயில், நல்ல காற்று. வானம் முழுக்கக் காத்தாடி. ஆபீஸுக்குக் குடும்பத்தோடு வரச் சொன்னதால் கயலும் அவரும் கூட. பூஜை, பிரசாதம், பிறகு கிச்சுரி, கத்தரிக்காய் பஜா, தக்காளிச் சட்னி. மொட்டை மாடியில் கயல் வங்காளிப் பிள்ளைகளோடு தொண்டை கிழியக் கத்தல்: "போ-காட்டா!" அறுந்தது யார் காத்தாடி என்றெல்லாம் அவளுக்குக் கவலை இல்லை.

பந்தி பாதியில் போன். ஆசன்சோல் அச்சகம். ஆகஸ்டில்தான் அவர்களுக்குப் புதுப் பிரதி அனுப்பினோம். படம் இருக்கும் பக்கமெல்லாம் பாதியில் நின்றுவிடுகிறதாம். சாயங்காலம் பேப்பர் அச்சுக்குப் போக வேண்டும். பேசினவர் கோபப்படக்கூட இல்லை, கெஞ்சினார்.

தீ. இலையை விட்டு எழுந்தார். ரத்தனைக் கூப்பிட்டார். சர்வரைப் போட முடியுமா? ரத்தன் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. புரோகிதர் இன்னும் வாசலில் தட்சிணையோடு நிற்கிறார். மாலை வாடுமுன் பட்டன் தொட்டால் வருஷம் முழுக்க விளங்காது. அப்படியே தொட்டாலும் என்ன பயன்? பட ஃபைல் ஷுபோ பெயரில் பூட்டு. ஷுபோ மாமியார் வீட்டில். அதையும் உடைத்தாலும், உள்ளே இருப்பது செப்டம்பர் பிரதி. ஆசன்சோலில் ஓடுவது ஆகஸ்ட். அது எங்கே இருக்கிறது?

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அப்பளம் கடித்துக்கொண்டிருந்தேன். முழுதாகக் கடித்து முடித்தேன்.

"என் மெஷினுக்குத்தான் பூஜை இல்லையே. தோஷமும் இல்லை" என்று எழுந்து போனேன்.

ஆகஸ்டில் அனுப்பியபோது அந்தப் பிரதிக்கு அடையாளமாக ஒரு பெயர் கட்டி வைத்திருந்தேன். கேட்டேன், கொடுத்தது. தப்பு ஒரே இடத்தில், பெரிய படம் வந்தால் இடம் போதவில்லை. தபன்-தா கை கழுவாமல் பக்கத்தில் நின்று எந்தப் படம் எந்த அளவில் மாக்கிலிருந்து போகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். திருத்தி, மோடம் வழியாக அனுப்பினோம். பேப்பர் அச்சுக்குப் போயிற்று. போனில் அந்த மனிதர் "பாஞ்சாலேன் தீதி" என்றார், காப்பாற்றிவிட்டேனாம்.

மாடிக்குத் திரும்பினால் கிச்சுரி தீர்ந்திருந்தது. அவர் என் பங்கை ஒரு இலையில் மூடி வைத்திருந்தார்.

செப்டம்பர் 18, வியாழன்

இன்று உத்தரவு மாறும் என்று நினைத்தேன். முட்டாள்.

தீ.: "நேத்து ரொம்ப நல்ல வேலை. நாளைக்கு ரத்தன் காலையிலேயே வந்துருவான்."

"நேத்து அது இல்லன்னா?"

"நேத்து ஒரு விபத்து. விபத்துக்காகக் கொள்கையை மாத்த முடியுமா? சிடி எழுதியாச்சா?"

பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நன்றாகத் திட்டினேன். தமிழில். யாருக்கும் புரியாது என்பதுதான் இந்த ஊரில் ஒரே சௌகரியம்.

மதியம் டிபன் டப்பாவுடன் தபன்-தா மேஜையில். ஆறுதலாக என்னவோ சொன்னார். தன் மாக்கைத் தொட மாட்டார்களாம், அச்சகங்கள் கேட்கும் என்று தீ. எழுதியே கொடுத்திருக்கிறாராம். நான் பாதியில் சாப்பாட்டை நிறுத்தினேன்.

"தபன்-தா, உங்களோடது புது மாக்தானே? பத்தாவது வெர்ஷன்?"

"ஆமா. ஏன்?"

"உள்ளே ஒரு கறுப்பு ஜன்னல் இருக்கும், டெர்மினல்னு. திறந்திருக்கீங்களா?"

"அதுல என்ன இருக்கு?"

"யுனிக்ஸ்."

புது மாக்கின் வயிற்றுக்குள் யுனிக்ஸ். வெளியே பளபளப்பு, உள்ளே என் ஆள். ஊருக்கே தெரிந்த விஷயம், எங்கள் ஆபீஸில் மட்டும் ஒருவர் தலையிலும் உறைக்கவில்லை, என் தலையையும் சேர்த்துத்தான். மாக் பெட்டியோடு வந்த இன்னொரு சிடி அவர் டிராயரில் உறை பிரிக்காமலே. போட்டோம். சிவிஎஸ் அதில் தயாராக உட்கார்ந்திருந்தது.

"உங்களுக்குப் பிரச்சனை வரலாம்" என்றேன்.

தபன்-தா மீன் முள்ளை எடுத்து டப்பா மூடியில் வைத்தார். "என் ஃபைல்ல ஓட்டை ஓட்டையா வெத்து வரி போட்டாங்கல்ல. போடு."

மூன்று வருடமும் தபன்-தா மாக்குக்குள் குடியேறிவிட்டது. எழுதின சிடியையும் அல்மாரியில் வைத்தேன், சொன்ன சொல் தவறாமல்.

செப்டம்பர் 19, வெள்ளி

மழை. ரத்தன் வந்தான். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டேன் என்று ஒரு வீம்பு. அவனுக்குத்தான் தர்மசங்கடம். "ராக் கோரோ நா, தீதி." கோபம் உன் மேல் இல்லை, வேலையைப் பார் என்று டீ வாங்கிக் கொடுத்தேன். நீலத் திரை, சதவீதம், சதவீதம், முடிந்தது. அழவில்லை.

விண்டோஸ் வந்ததும் முதல் வேலையாகத் தபன்-தா மாக்குக்கு ஒரு ஜன்னல் திறந்தேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. சொந்த வீட்டுக்குத் திரும்பிவிட்ட மாதிரி.

ஷுபோ மெதுவாக வந்தான். அவன் பூட்டியிருந்ததை எல்லாம் போன வாரத்திலிருந்தே சிவிஎஸ்ஸிலும் போட்டு வந்திருக்கிறான், கருவியில் திருப்பி வைத்தால் பூட்டுப் போய்விடும் என்று பயந்து! "தீதி, பழைய இடம் கிடைக்கல." புது முகவரியைச் சொன்னேன். சாயங்காலத்துக்குள் விண்டோஸ் பையன்கள் எல்லோரும் வந்து கேட்டுப் போனார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

வெயில். கயலுக்கு லேசாக ஜலதோஷம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

பதினொரு மணி வாக்கில் தீ. என் மேஜைக்கு வந்தார். சிலிகுரி அச்சகத்துக்கு ஜூலையில் அனுப்பிய பிரதி வேண்டுமாம், உடனே.

"அல்மாரியில சிடி இருக்கு."

"ரத்தன் போட்டுப் பார்த்தான். விண்டோஸ்ல ஒண்ணும் புரியல."

"புரியாது. அதைக் கேட்டு வாங்க சர்வர் வேணும். வெள்ளிக்கிழமை அழிச்சுட்டீங்க."

முகம் சுருங்கியது. அப்போதுதான் என் திரையைப் பார்த்தார். பிறகு ஷுபோ திரையை. பிறகு அடுத்தவன் திரையை.

"எங்க வச்சிருக்கீங்க?"

"நீங்க வேணும்னு எழுதிக் கொடுத்த மெஷின்ல."

திரும்பினார். தபன்-தா தன் மாக்குக்கு முன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கை கட்டி உட்கார்ந்திருந்தார், பந்தலுக்குக் காவல் மாதிரி. "அதையும் அழிக்கணும்னா அச்சகத்துல சொல்லிட்டு அழி" என்றார்.

விண்டோஸ் பக்கத்தில் ஒருவரும் டைப் அடிக்கவில்லை.

"என்னை ஏமாத்திட்டீங்க."

"உங்க உத்தரவுல ஒரு எழுத்து மீறல தீபாங்கர்-தா. என் மெஷின்ல விண்டோஸ்தான் இருக்கு. பாருங்க."

பஸ்ஸில் வரவேண்டிய வாக்கியங்கள் எல்லாம் இன்று ஆபீஸிலேயே வந்தன.

தீ. குரலை இறக்கி, "எனக்கும் ஒரு அக்கவுண்ட் போடுங்க. ஜூலையை எடுக்கணும்."

"யுனிக்ஸ் இருக்கும்னு எல்லாருக்கும் ஒரு மெயில் போடுங்க. அப்புறம் போடறேன்."

"நிபந்தனையா?"

"ஆமா."

கண்ணாடி ரூமுக்குள் போய்விட்டார். நான் ஜூலைப் பிரதியை எடுத்துச் சிலிகுரிக்கு அனுப்பிவிட்டேன், அச்சகக்காரன் என்ன பாவம் செய்தான். அதை அவரிடம் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு மேல் மெயில் வந்தது. எல்லோருக்கும். யுனிக்ஸ் தொடரும், சிவிஎஸ் தொடரும், தீதியிடம் கேட்டுக்கொள்ளவும். கீழே பெயர்கூடப் போடவில்லை. ஷுபோ மேஜையைத் தட்டினான். தபன்-தா எழுந்து டீ சொல்லப் போனார்.

சொன்ன சொல் தவறவில்லை. தீ.க்கு அக்கவுண்ட் போட்டேன். படிக்க மட்டும். மாற்ற அனுமதி கொடுக்கவில்லை.